எழுபது வளைவுகளில் அம்பாசிடரும் பத்மினியும்

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் கொல்லிமலைச் சாலையில் முதல் கொண்டை ஊசி வளைவு வந்துவிடுகிறது. பலகையில் 1/70 என்று எழுதியிருக்கிறது. இன்றைய கார்களில் போகிறவர்கள் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, பாட்டை நிறுத்தாமலே சோளக்காடு வரை ஏறிவிடுகிறார்கள். வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய அம்பாசிடரையோ, ஃபியட் என்று இன்னமும் எல்லோரும் சொல்லும் பிரிமியர் பத்மினியையோ எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அந்த எழுபதும் எழுபது பரீட்சைகள்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் ஒரு தலைமுறைக்குக் கார் என்றால் இந்த இரண்டுதான். 'அம்பாசிடரா, ஃபியட்டா?' என்ற சண்டை டீக்கடை பெஞ்சிலும் கல்யாணப் பந்தியிலும் நடந்து, 'சிவாஜியா, எம்.ஜி.ஆரா?' மாதிரியே தீர்ப்பில்லாமல் முடிந்தது. அந்தத் தீர்ப்பைச் சொல்லக்கூடிய சாலை இந்த ஊர்க்காரர்களின் வாசலிலேயே இருக்கிறது. சேலத்தில் புறப்பட்டு, மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம், புதன்சந்தை என்று நெடுஞ்சாலையில் இறங்கி, சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை ஏறினால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நெரிசலான கடைவீதி, நேரான சமவெளி, செங்குத்தான மலை என்று மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிடலாம்.

இரண்டுமே வெளியூர் மாப்பிள்ளைகள். அம்பாசிடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். 1950-களின் கடைசியில் கல்கத்தா பக்கத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைச் செய்ய ஆரம்பித்தது. 2014 மே மாதம் தொழிற்சாலை நிற்கும்வரை உருவம் பெரிதாக மாறவேயில்லை. பத்மினியின் வேர் 1953-இல் இத்தாலியில் வெளிவந்த ஃபியட் 1100. அதை பம்பாய் குர்லாவில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்தது. 1100 டிலைட், பிரசிடெண்ட் என்று பெயர் மாறி மாறிக் கடைசியில் பத்மினி ஆயிற்று. சித்தூர் ராணி பத்மினியின் பெயர் என்கிறார்கள். நம்மூரில் அந்தப் பெயரைக் கேட்டவர்களுக்கு வேறு பத்மினிதான் நினைவுக்கு வந்திருப்பார்!

மூன்றாவதாக, சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு காரைச் செய்தது. லைசென்ஸ் காலத்தில் காசு இருந்தாலும் கார் கிடைக்காது. பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே பலருக்கு இது ரசனையின் சண்டையாகக்கூட இருக்கவில்லை. எது முதலில் கைக்கு வந்ததோ அதுவே நல்ல கார் என்று வாழ்நாள் முழுக்கச் சாதித்தார்கள்.

எண்கள் சொல்வது

பெட்ரோல் அம்பாசிடரின் இன்ஜின் 1489 சி.சி. சக்தி 50 குதிரைத்திறனை ஒட்டி. வண்டியின் எடை 1,100 கிலோவைத் தாண்டும். பத்மினியின் இன்ஜின் 1089 சி.சி.தான். சக்தி 40 குதிரைத்திறனை ஒட்டி. எடை 900 கிலோவுக்குச் சற்றுக் கீழே. முதல் பார்வைக்கு அம்பாசிடர் பெரிய பயில்வான் மாதிரித் தெரியும். ஆனால் குதிரைத்திறனை எடையால் வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 45 குதிரைகள். அதாவது காலி வண்டியில் இரண்டும் சரிக்குச் சரி.

ஆள் ஏற ஏறத்தான் கணக்கு மாறும். பெரியவர்கள் ஐந்து பேர், டிக்கியில் மூட்டை முடிச்சு என்று 400 கிலோவைச் சேர்த்தால் அம்பாசிடரில் டன்னுக்கு 33 குதிரை மிஞ்சும். பத்மினியில் 31. பார்க்கச் சின்ன வித்தியாசம். மலையில் அதுவே ஒரு கியர் வித்தியாசம் ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு. அம்பாசிடர் இன்ஜின் தன் முழு இழுவையை மெதுவான சுழற்சியிலேயே கொடுத்துவிடும், செக்குமாடு மாதிரி. பத்மினி இன்ஜினைக் கொஞ்சம் வேகமாகச் சுழலவிட்டால்தான் உற்சாகம் வரும்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ஐயும் இதே தராசில் வைத்துப் பார்க்கலாம். 796 சி.சி., சக்தி 40-க்கும் குறைவு. ஆனால் எடை 650 கிலோதான் என்பதால் டன்னுக்கு 57 குதிரை வருகிறது. 'சோப்பு டப்பா' என்று கேலி செய்யப்பட்ட அந்தக் குட்டிக் கார் நெடுஞ்சாலையில் இரண்டு பெரியவர்களையும் சர்வசாதாரணமாக முந்திப் போன ரகசியம் இவ்வளவுதான்.

அளவிலும் வித்தியாசம் உண்டு. அம்பாசிடரின் நீளம் 4.3 மீட்டர், பத்மினி 3.9 மீட்டர். அகலத்தில் அம்பாசிடர் ஏறக்குறைய ஒரு சாண் அதிகம். அந்தச் சாண்தான் பின்சீட்டில் மூன்றாவது ஆளின் இடம்.

லீ பஜாரிலிருந்து ஆண்டகளூர் கேட் வரை

சேலத்துக்குள் பத்மினி ஜெயித்துவிடும். செவ்வாய்ப்பேட்டை சந்துகளிலும் லீ பஜாரில் மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நடுவிலும் அந்த ஒரு சாண் அகலம் குறைவது பெரிய வரம். பவர் ஸ்டீயரிங் இரண்டிலும் கிடையாது. நின்ற இடத்தில் திருப்ப வேண்டுமென்றால் அம்பாசிடர்காரரின் தோள்பட்டை வேலை செய்யும். பத்மினியில் ஸ்டீயரிங் லேசு, கண்ணாடி வழியே நாலு மூலையும் தெரியும். தானே ஓட்டிக்கொண்டு போகிற டாக்டர், வக்கீல், பேராசிரியர் எல்லாம் ஃபியட் பக்கம் சாய்ந்தது இதனால்தான். டிரைவர் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்கிறவர் அம்பாசிடர் வாங்கினார். கலெக்டரிலிருந்து மில் முதலாளி வரை பின்சீட்டு மனிதர்கள்தானே!

கிளட்சும் கியரும் தெரிந்த இன்றைய பிள்ளைகளை இந்தக் கார்களில் உட்கார வைத்தால் முதலில் கியரைத் தேடுவார்கள். அது ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும். 'ஹேண்ட் கியர்' என்பார்கள். கீழே கியர் இல்லாததால் முன்சீட்டு ஒரே பெஞ்ச். டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் தாராளமாகவும், மடியில் பிள்ளையோடு மூன்று பேர் நெருக்கியடித்தும் உட்காருவார்கள். சீட் பெல்ட் என்ற பேச்சே இல்லாத காலம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு குடும்பம் முழுவதும் ஒரே வண்டியில் குலதெய்வம் கோயிலுக்குப் போனது அப்படித்தான்.

சீலநாயக்கன்பட்டி தாண்டியதும் சமவெளி திறந்துகொள்கிறது. வலதும் இடதுமாகக் குச்சிக்கிழங்குக் காடு, தென்னந்தோப்பு, தொலைவில் வெயிலில் வெளுத்துத் தெரியும் மலைகள். ஜவ்வரிசி ஆலைப் பக்கம் காற்று வீசினால் அந்தப் புளித்த வாடை கண்ணாடியை ஏற்றச் சொல்லும். இன்று இது நான்கு வழிச் சாலை. பழைய ஏழாம் எண் நெடுஞ்சாலையாக இருந்தபோது எதிரே வரும் லாரிக்கு வழிவிட ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டியிருக்கும். அப்போது அம்பாசிடரின் பதினைந்து அங்குலச் சக்கரமும், பின்னால் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கும் என்ன என்று புரியும். தார் விளிம்பிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து தாருக்கும் கட்டில் மாதிரி ஆடிக்கொண்டே ஏறி இறங்கும். பத்மினி அதே வேலையைச் செய்யும், ஆனால் முதுகெலும்பிடம் சொல்லிவிட்டுச் செய்யும்.

நெடுஞ்சாலையை விட்டுத் தோட்டத்துக்குப் பிரியும் வண்டித்தடத்தில் இன்னும் தெளிவு. ராசிபுரம், வெண்ணந்தூர் பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்குக் கார் என்பது கல்யாண வண்டி, ஆஸ்பத்திரி வண்டி, அவசரத்துக்கு உரமூட்டை வண்டி. வேட்டி கட்டிய பெரியவர் குனியாமல் ஏற வேண்டும், பிரசவத்துக்குப் போகிற பெண் காலை நீட்டிப் படுக்க வேண்டும். 1.6 மீட்டர் உயரமும் அகலமான பின்சீட்டும் இதற்குப் பதில் சொல்லின. இந்த வேலைகளுக்கு எந்தக் கம்பெனியும் விளம்பரம் கொடுக்கவில்லை.

பெட்ரோல் கணக்கு மட்டும் அம்பாசிடரைக் கடித்தது. பத்மினி ஒரு லிட்டருக்குக் கூடுதலாக மூன்று, நான்கு கிலோமீட்டர் கொடுக்கும் என்பது அந்தக் காலத்துப் பொதுக் கணக்கு. அதனால்தான் 1980-ஐ ஒட்டி வந்த டீசல் அம்பாசிடரை வாடகைக் கார்க்காரர்கள் வாரி அணைத்தார்கள். அதே 1489 சி.சி., சக்தி மட்டும் 37 குதிரையாக இறங்கிவிட்டது. டன்னுக்கு 33 கூடத் தேறாது. ஆள் ஏறுவதற்கு முன்பே ஆள் ஏறிய மாதிரி! காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே எழுந்துகொள்ளும். ஆனாலும் டீசல் விலைக்கு அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். பின்னால் 1990-களில் வந்த இசுசு இன்ஜின் அம்பாசிடர் வேறு ரகம். 1817 சி.சி., 75 குதிரை, ஐந்து கியர். பழைய பெட்டிக்குள் புது உயிர். அதை இந்தப் போட்டியில் சேர்த்தால் பத்மினிக்கு அநியாயம்.

மலை ஏறுமுங்களா?

பழைய கார் வாங்க வருகிறவர் இந்தப் பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மைலேஜ் கேள்வி அடுத்தது. வடக்கே ஏற்காடு, கிழக்கே கொல்லிமலை என்று இரண்டு மலைகளுக்கு நடுவில் வாழ்கிறவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்?

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவைத் தாண்டிப் போகும் அந்தச் சாலை அகலமானது, மூச்சு வாங்க இடம் கொடுக்கும். கொல்லிமலை அப்படி இல்லை. ஒரு வளைவு முடிந்து மூன்றாவது கியரை நினைப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்றே ஏற வேண்டும்.

இங்கேதான் அந்த நாள் கியர் பெட்டியின் குணம் தெரியும். இரண்டு காரிலும் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியரைப் போட்டால் நறநறவென்று பல்லைக் கடிக்கும். வளைவின் நடுவில் இழுவை செத்துப்போய் அதற்கப்புறம் கியரைத் தேடினால், பின்னால் வருகிற பஸ்ஸின் ஹாரன்தான் துணை. ஆகவே அனுபவஸ்தர்கள் வளைவுக்கு முன்பே முடிவெடுத்துவிடுவார்கள். அம்பாசிடர் இந்த இடத்தில் தாராளமான வண்டி. இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு பல வளைவுகளைத் தாண்டிவிடும். ஐந்து பேரோடு ஏறும் பத்மினி, இறுக்கமான வளைவுகளில் முதல் கியர் கேட்கும். இரண்டே பேர் போனால் கதை தலைகீழ். நீளம் குறைவு, உடம்பு லேசு, ஸ்டீயரிங் சுறுசுறுப்பு. வளைவிலிருந்து வளைவுக்கு அது துள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால், இத்தாலிக்காரர்கள் மலைநாட்டில் பிறந்தவர்கள் என்பது நினைவுக்கு வரும்.

சூடுதான் இரண்டுக்கும் பொது எதிரி. பங்குனி, சித்திரையில் நாமக்கல் சமவெளி நாற்பது டிகிரியைத் தொடும்போது மதியத்தில் மலை ஏறுவது பழைய கார்களுக்கு நல்லதல்ல. மெதுவாக ஏறுவதால் ரேடியேட்டருக்குக் காற்று போதாது. இன்ஜினை ஒட்டியிருக்கும் பம்பிலும் குழாயிலும் பெட்ரோலே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். வண்டி இருமி, தும்மி, நின்றுவிடும். புதிதாகப் பார்க்கிறவர் இன்ஜின் போயிற்று என்று கலங்கிவிடுவார். பழகினவர் பானெட்டைத் திறந்து, ஈரத்துணியை பம்பின்மேல் சுற்றிவிட்டு, பத்து நிமிஷம் குரங்குகளை வேடிக்கை பார்ப்பார். துணி காய்வதற்குள் வண்டி கிளம்பிவிடும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறப்பது மட்டும் கூடவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். விடியற்காலையில் அடிவாரத்தில் இருப்பதுதான் உண்மையான வைத்தியம்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கவலை. இரண்டிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மூடிய சட்டிக்குள் உரசும் பிரேக் என்பதால் சூடு வெளியே போக வழியில்லை. தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் பெடல் இறங்கும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது லாரி டிரைவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம். இந்தக் கார்களுக்கும் அதுதான். இறக்கத்தில் 200 கிலோ குறைவான பத்மினிக்கு உயிர்பயம் கொஞ்சம் குறைவு. ஏற்றத்தில் அம்பாசிடர் சம்பாதித்த மதிப்பெண்ணை இறக்கத்தில் பத்மினி வாங்கிவிடுகிறது.

ஆக, வீடு நிறைய ஆள் என்றால் அம்பாசிடர், கணவனும் மனைவியும் என்றால் பத்மினி. டீக்கடை பெஞ்சில் ஐம்பது வருடம் அடித்துக்கொண்டவர்கள் இரண்டு பேருமே அவரவர் வீட்டு அளவுக்குச் சரியாகத்தான் பேசியிருக்கிறார்கள்.

கையும் காகிதமும்

இன்று கொட்டகையில் நிற்கும் காருக்கு முன் இருக்கிற கேள்வி வேறு. அதை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவருவதா, எடைக்குப் போடுவதா? அப்பா கட்டிக் காத்த வண்டி என்பதால் விற்கவும் மனசில்லை, எலி ஒயரைக் கடித்துவிட்டதால் எடுக்கவும் துணிவில்லை என்று வருடங்கள் ஓடுகின்றன. ஓடாமல் நிற்கிற ஒவ்வொரு மழைக்காலமும் கதவின் அடிப்பகுதியையும் தரையையும் தின்றுகொண்டிருக்கிறது. இன்ஜினைச் சரிசெய்வது அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கும். துரு காத்திருக்காது.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. நாமக்கல் லாரி பாடி கட்டும் ஊர், திருச்செங்கோடு ரிக் வண்டிகளின் ஊர். தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டு வைக்கத் தெரிந்த கைகளுக்கும், இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்து கொடுக்கும் பட்டறைகளுக்கும் பஞ்சமில்லை. அம்பாசிடரின் கனமான தகடு இந்தப் பட்டறைகளுக்குப் பழகிய சரக்கு. துருப்பிடித்த தரையை வெட்டியெடுத்துப் புதிதாக வைத்துவிடுவார்கள். சிக்கல் கார்புரேட்டரில்தான். காதால் கேட்டே திருகைக் கால் சுற்றுத் திருப்பி இன்ஜினை அமைதிப்படுத்தத் தெரிந்த மெக்கானிக்குகள் வயதாகிப் போனார்கள். அவர்களின் சிஷ்யர்கள் லேப்டாப்பைச் செருகி வேலை பார்க்கிறவர்கள்.

பாகங்கள் விஷயத்திலும் அம்பாசிடருக்கே வசதி. 2014 வரை புது வண்டி வந்ததால் சாமான்கள் இன்னும் புழங்குகின்றன. பத்மினியின் தயாரிப்பு 2000-ஐ ஒட்டியே நின்றுபோயிற்று. அதன்பிறகும் சாமான்களுக்குச் சந்தை இருந்ததில் மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே பதிவான கடைசி பத்மினி டாக்சி இருபது வருட வயது வரம்பைத் தொட்டு 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. பத்மினி வைத்திருப்பவர்கள் கதவுப் பிடியிலிருந்து கண்ணாடி ரப்பர் வரை கிடைக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் காகிதம். ஆர்.சி. புத்தகம் உயிரோடு இருக்கிறதா என்பதைப் பட்டறைக்குப் போவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். நம்பர் பலகையிலேயே வயது தெரியும். டி.என். 27, டி.என். 28 என்றெல்லாம் வருவது 1989-க்குப் பின்னால்தான். அதற்கு முந்தைய வண்டியில் டி-யிலோ எம்-மிலோ தொடங்கும் மூன்று எழுத்து இருக்கும். பதினைந்து வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகிவிட்டது. இப்போதைய தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் தனி வழி ஒன்று வந்தது. விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்துகொண்டால் வி.ஏ. என்ற எழுத்தோடு தனி எண் தருவார்கள். பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த காரைத் தினசரி ஓட்டவும் வாடகைக்கு விடவும் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு மாதிரி விசேஷங்களுக்கு மட்டும்தான். அசல் உருவத்தை மாற்றியிருக்கவும் கூடாது. 1970-களின் ஆரம்பத்து ஃபியட்டுகளும் அம்பாசிடர்களும் இப்போது அந்த வயதுக்கு வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளோடு கொல்லிமலை போகத்தான் கார் வேண்டும் என்கிறவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

எதையும் முடிவு செய்வதற்கு முன், நல்ல நிலையில் இருக்கும் பழைய கார்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் கோவை போகலாம். அவினாசி சாலையில் ஜி.டி.நாயுடு பெயரோடு சேர்ந்த ஜீடி கார் மியூசியம் 2015 முதல் இருக்கிறது. அங்கே பார்த்துவிட்டு வந்து தார்ப்பாயை விலக்கினால் சொந்தக் கார் சற்று மங்கலாகத்தான் தெரியும். பரவாயில்லை. முதலில் பிரேக் சிலிண்டர்களையும் ரப்பர் குழாய்களையும் மாற்றிவிட்டு, பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, ஏற்காட்டின் இருபது வளைவில் பழக்க வேண்டும். எழுபதுக்கு அப்புறம் போகலாம்.